அளந்த கூலியும் அளக்காத கூலியும்

ஆங்கில மொழியில் 'கூலி' என்றொரு சொல் வழங்குகிறது. துறைமுகத்தில் சுமை தூக்கியோரையும் தோட்டங்களில் உழைத்தோரையும் வெள்ளையர் அச்சொல்லாலேயே குறித்தனர். அது நம் தமிழ்ச் சொல்லே என்பர் அறிஞர் சிலர். கூர்ச்சரத்துக் கோலி மக்களின் பெயரிலிருந்து பிறந்தது என்பாரும் உளர். எது மெய்யாயினும் ஒரு செய்தி நம் கருத்துக்குரியது. தமிழில் கூலி என்பது உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கப்படும் பொருள். அயலார் வாயிலோ அது உழைக்கும் மனிதனுக்கே பெயராகி விட்டது. கொடுக்க வேண்டிய பொருளின் பெயரை மனிதனுக்குச் சூட்டிவிட்டுப் பொருளைத் தம் பெட்டியிலேயே வைத்துக் கொண்டார்கள் என்றால் அது சொல் விளையாட்டு ஆகாது. சென்ற நூற்றைம்பது ஆண்டுகளில் நம் முன்னோர்க்கு நேர்ந்தது ஏறத்தாழ அதுவேயாகும்.

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் கூலியைப் பற்றிய கட்டுரைக்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் வினவக்கூடும். நம் பாட்டன்மாரைப் பற்றிக் கல்வெட்டும் செப்பேடும் பேசுவதில்லை. அவர்களைப் பற்றி எழுதப்பட்டவை பெரும்பாலும் கணக்குகளே. பண்ணைக் கணக்கு, கங்காணி கணக்கு, தோட்டத்துப் பேரேடு ஆகியவையே. அவற்றை எழுதியவர் கூலி கொடுக்கும் பக்கத்தில் இருந்தார். கூலி வாங்கியவருக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆகவே நம் வரலாற்றைப் படிப்பதென்பது அந்தக் கணக்கைப் படிப்பதே எனலாம்.

வாழப்பாடியைச் சூழ்ந்த நிலப்பரப்பை எடுத்துக்கொள்வோம். வசிட்ட நதியின் நீரும் கிணற்று நீரும் பாயும் தோட்டக்கால் நிலம் ஒருபுறம். மலையடிவாரத்து மானாவாரிப் புன்செய் மறுபுறம். கேழ்வரகும் கம்பும் சோளமும் விளைந்த இந்நாட்டில் பண்ணையத்தாள் முறை நெடுங்காலம் நிலைபெற்றிருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை பேச்சு நடக்கும். இத்தனை வள்ளம் தானியம், தீபாவளிக்கு ஒரு வேட்டி, களத்து மேட்டில் ஒரு பங்கு, நடுவே ஒரு கலியாணத்துக்கோ சாவுக்கோ முன்பணம் என்று வாய்மொழியால் முடிவாகும். கேட்பதற்கு இது நேர்மையான ஒப்பந்தம்போலத் தோன்றும். கூலி குறைந்த வழிகளோ பலவாயின. அளக்கும் வள்ளம் ஒருவகை, கடன் கொடுத்ததைத் திரும்பப் பெறும் வள்ளம் வேறுவகை. பதரும் தூசியும் கலந்த தானியம் ஆளுக்குப் போகும். நோயுற்ற நாளுக்கு மாற்றாள் விட வேண்டும்; விடாவிடின் அந்த நாளும் கடனில் ஏறும். மனைவி சாணம் அள்ளுவதும் மகன் மாடு மேய்ப்பதும் 'பழக்கம்' என்னும் பெயரால் கூலியின்றியே நடந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக முன்பணம் இருந்தது. முன்பணம் தீரும்வரை வேறு பண்ணைக்குப் போக இயலாது, முன்பணமோ தீராது. தகப்பன் வாங்கியதை மகன் தலையில் ஏற்றிய குடும்பங்கள் நம் தெருக்களிலேயே பல இருந்தன.

1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பாழாக்கிய தாது வருடத்துப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கிற்று. பஞ்சத்தில் மடிந்தவருள் நிலமற்ற உழவுத் தொழிலாளரே மிகப் பலர் என்பதைக் கூற வேண்டுவதில்லை. ஆனால் அப்பஞ்சத்தில் அரசாங்கமே கூலி கொடுக்கும் முதலாளியாக நின்றது என்பதைப் பாடநூல்கள் அழுத்திக் கூறுவதில்லை. நிவாரண வேலைகள் திறக்கப்பட்டன. மண் சுமந்தவர்க்குக் கூலி உண்டு. 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இராசப் பிரதிநிதி லிட்டன் பிரபுவால் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்ட சர் ரிச்சர்டு டெம்பிள், செலவைச் சுருக்கும் பொருட்டு அக்கூலியைக் குறைத்தார். வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். பெண்ணுக்கும் சிறாருக்கும் அதனினும் குறைவு. ஒரு ராத்தல் என்பது நம் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 450 கிராம். நாள் முழுதும் மண்வெட்டி பிடிப்பவன் உயிர் தாங்க இது போதும் என்று ஏட்டில் எழுதப்பட்டது.

சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் இதனை மறுத்தார். குறைந்தது ஒன்றரை ராத்தல் தானியமும் பருப்பும் காய்கறியும் இன்றி உழைக்கும் உடல் நில்லாது என்று அவர் வாதிட்டார். சென்னை அரசாங்கமும் சில திங்களுக்குள் அவர் கேட்ட அளவில் பாதித் தூரம் இறங்கி வந்து கூலியை உயர்த்திற்று. குறைந்தபட்சக் கூலி என்னும் கருத்து நம் நாட்டில் முதன்முதலில் இவ்வாறே, எவ்வளவு குறைவாகத் தின்றால் ஒருவன் சாகாமல் மண் சுமப்பான் என்னும் ஆராய்ச்சியாகவே எழுந்தது. பிற்காலச் சட்டங்களைப் படிக்கும்போது இதனை நினைவிற் கொள்வது நலம்.

பஞ்சத்துக்கு முன்னும் பின்னும் சேலம், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களிலிருந்து கூட்டங்கூட்டமாக மக்கள் இலங்கை சென்றனர். முதலில் காப்பித் தோட்டங்களுக்கு. 1869இல் கண்டறியப்பட்ட இலைநோயால் காப்பி அழிந்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கு. சென்றவருள் மிகப் பெரும்பாலோர் நம்மைப் போன்ற ஒடுக்கப்பட்ட சாதியினர். 1914இல் தனுஷ்கோடி, தலைமன்னார் வழியாக இரயிலும் கப்பலும் இணைக்கப்படுமுன் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து செல்ல வேண்டியிருந்தது. அவ்வழியில் காலராவாலும் காய்ச்சலாலும் மாண்டோர் எண்ணற்றோர்.

அவர்களை அழைத்துச் சென்றவன் கங்காணி. பெரும்பாலும் சொந்த ஊரான். சில சமயம் உறவினன். கையில் வெள்ளிப் பணம், இடுப்பில் துண்டு, வாயில் மலைநாட்டுப் புகழ் என்று வந்து நிற்பான். பண்ணையத்துக் கடனை அடைத்து ஆளை விடுவிப்பவனும் அவனே. ஆகவே ஊரார் கண்ணுக்கு அவன் மீட்பன்போலத் தோன்றியது வியப்பன்று. ஆனால் பண்ணையாரிடம் இருந்த கடன் கங்காணியிடம் மாறிற்றேயொழியத் தீரவில்லை. வழிச்செலவு, அரிசி, கம்பளி, பானை, சட்டி எல்லாம் அக்கடனின்மேல் ஏறின. தோட்டத்தில் காலடி வைக்கும்போதே தொழிலாளி பல மாதக் கூலிக்குக் கடன்பட்டவனாயிருந்தான்.

அத்தோட்டங்களின் கூலி முறையை நம் இளைஞர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். அதன் சாயல்கள் இன்றும் நம்மைச் சுற்றி உள்ளன. ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்' என்று கணக்கு. கொழுந்தின் எடை குறைந்தாலோ துரைக்கு மனக்குறை ஏற்பட்டாலோ 'அரைப் பேர்'. காலை முதல் மாலை வரை மழையில் நின்று கொழுந்து கிள்ளியவள், ஏட்டில் அரை மனுஷியாகப் பதிவாவாள். கூடையின் எடைக்கும் இலையில் ஒட்டிய நீருக்கும் என்று தராசில் கழிவு வேறு. கூலிப் பணம் நெடுங்காலம் தொழிலாளியின் கைக்கு நேராக வரவில்லை. பெரிய கங்காணியின் கைக்கு மொத்தமாகச் சென்றது. அவன் தன் கடனையும் அரிசிக் கணக்கையும் கழித்துக்கொண்டு மிச்சம் இருந்தால் கொடுத்தான். வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு என்று தோட்டம் அவனுக்குத் தலைக்காசு கொடுத்தது. ஆதலின் ஆட்கள் நோயுற்றாலும் வேலைக்கு இறங்க வேண்டும் என்பதில் அவனுக்கு இருந்த அக்கறை துரைக்கும் இல்லை.

விட்டுப் போகலாமே என்றால் 1865ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது. ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்டவனுக்குச் சிறைத் தண்டனை விதிக்க அது இடமளித்தது. கூலி கொடாத துரை உரிமையியல் வழக்குக்கு உட்பட்டவன். வேலையை விட்ட தொழிலாளியோ குற்றவாளி! இந்த ஓரவஞ்சனை 1920களின் தொடக்கத்தில்தான் நீங்கிற்று. அதற்கிணையாகத் 'துண்டு' என்னும் முறையும் இருந்தது. இன்ன ஆட்கள் இவ்வளவு கடன்; அதைக் கட்டுவோர் அவர்களை அழைத்துச் செல்லலாம் என்று ஒரு தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டே துண்டு. கடனை ஏற்கும் தோட்டத்துக்கு ஆட்கள் கைமாறுவர். மனிதரை விற்கவில்லை, கடனைத்தான் மாற்றினோம் என்று தோட்டக்காரர் கூறிக்கொண்டனர். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

1927ஆம் ஆண்டின் 27ஆம் சட்டத்தால் இலங்கை இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலி வரையறுக்கப்பட்டது. இந்திய அரசாங்கத்தின் வற்புறுத்தலும் இதற்கு ஒரு காரணமாகும். உயர்ந்த மலைப்பகுதித் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறாருக்கு 32 சதம் என்று நாட்கூலி வகுக்கப்பட்டது. ஆனால் சில ஆண்டுகளிலேயே உலகப் பொருளாதார மந்தம் வந்தது. தேயிலை விலை வீழ்ந்தது. தோட்டக்காரர் முறையிட, வகுத்த கூலியும் குறைக்கப்பட்டது. விலை உயர்ந்த நாட்களில் தொழிலாளிக்கு ஒரு சதமேனும் கூட்டிக் கொடுக்கத் தாமாக முன்வராதவர், விலை வீழ்ந்த மறுநாளே அவன் தம்மோடு நட்டத்தைப் பகிர வேண்டும் என்றனர். பெண்ணுக்கும் ஆணுக்கும் சமகூலி கிடைக்க அத்தோட்டங்களில் 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.

தஞ்சாவூர்ச் சீமையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர், 1931இல் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தைத் தோற்றுவித்துத் தோட்டத்து மக்களுக்கு முதன்முதலில் சங்கம் என்னும் சொல்லைக் கற்பித்தார். அவர் துணைவியார் மீனாட்சியம்மையார் தோட்டந்தோறும் பாட்டுப் பாடி மக்களைத் திரட்டினார் என்பது நம் பெண்கள் அறிய வேண்டிய செய்தி. 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி காவலர் துப்பாக்கிக்கு இரையானார். 1948இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தத்தால் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. திரும்பி வந்தவருள் சிலர் கொடைக்கானல் மலைப் பகுதியில் மரம் வெட்டும் வேலையில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கொத்தடிமைகளாய் இருந்தது 1980களில் வெளிப்பட்டது. நான்கு தலைமுறைக்கு முன் எந்த முன்பணத்தை உதறிக் கடல் கடந்தார்களோ, அதே முன்பணம் தாயகத்தில் அவர்களை வரவேற்றது. இலங்கையில் தங்கிவிட்டவர் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் கூலி வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடி, 2021 மார்ச்சில்தான் அதனை அரசிதழில் ஏற்றுவிக்க முடிந்தது. அதற்குள் அந்நாட்டு ரூபாயின் மதிப்பும் மெலிந்திருந்தது.

இனித் தஞ்சைக்கு வருவோம். காவிரிப் பாசனத்து நெல் வயல்களில் பண்ணையாள் முறை நம் புன்செய் நாட்டினும் கொடியதாயிருந்தது. சவுக்கடியும் சாணிப்பால் புகட்டுதலும் அங்கே தண்டனைகள். கன்னட நாட்டிலிருந்து வந்து தஞ்சை உழவரோடு ஒன்றிவிட்ட பி. சீனிவாசராவ் முதலியோர் 1940களில் கிராமந்தோறும் சங்கம் அமைத்தனர். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் அவ்விரு கொடுமைகளையும் நிறுத்தியது. அக்காலத்துக் கோரிக்கைகளுள் ஒன்றை நான் பெரிதும் போற்றுகிறேன்: கூலி நெல்லை முத்திரையிட்ட மரக்காலால் அளக்க வேண்டும் என்பதே அது. கூலியை உயர்த்து என்பதல்ல, ஒப்புக்கொண்ட கூலியை ஒழுங்கான அளவையால் அள என்பதாம். இதற்கும் ஒரு போராட்டம் வேண்டியிருந்தது என்றால் அதுவரை எத்தனை தலைமுறைகளுக்கு எத்தனை கலம் நெல் மரக்காலின் அடியில் மறைந்ததோ!

1952இல் இராஜாஜி அரசாங்கம் தஞ்சாவூர் சாகுபடிதாரர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பண்ணையாளைக் காரணமின்றி நீக்கலாகாது, இவ்வளவு கூலி கொடுக்க வேண்டும் என்று அது விதித்தது. நிலக்கிழார் என் செய்தனர்? பண்ணையாளையே இல்லாமலாக்கினர். ஆண்டாள் என்பவன் நாளாள் ஆனான். சட்டம் பாதுகாக்க வந்தது பண்ணையாளை. நாளாளுக்கு அதில் இடமில்லை. சட்டம் ஒருவனுக்கு ஒரு பெயரிட்டு உரிமை வழங்கினால், அவன் பெயரை மாற்றிவிட்டு உரிமையைப் பறிப்பது என்னும் இந்த உபாயம் அன்று தஞ்சையில் வெற்றி பெற்றது. இன்று ஆலைகளில் 'பயிற்சியாளர்' என்றும் 'ஒப்பந்தத் தொழிலாளர்' என்றும் வேறு பெயர்களில் அதனைக் காண்கிறோம்.

1960களில் தஞ்சைக்குத் தீவிர விவசாயத் திட்டம் வந்தது. புதிய வித்துக்களும் உரமும் வந்தன. ஒருபோகம் விளைந்த நிலத்தில் இருபோகம் விளைந்தது. விளைச்சல் பெருகியபோது அறுத்தவர் கூலியிலும் பெருக்கம் கேட்டனர். கேட்டது கலத்துக்கு அரைப்படி நெல் கூடுதல். நிலக்கிழார் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்ற பெயரில் திரண்டனர். உள்ளூர் ஆட்களுக்குக் கூலி உயர்த்துவதைவிட வெளியூர் ஆட்களைக் கொணர்ந்து அறுப்பை முடிப்பது என்று துணிந்தனர். செங்கொடியை இறக்கிவிட்டுத் தங்கள் சங்கத்தில் சேருமாறு தொழிலாளரை நெருக்கினர். மறுத்த ஊர்களுள் ஒன்று கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25ஆம் நாள் இரவு அடியாட்கள் அச்சேரியைச் சூழ்ந்தனர். ஓடித் தப்ப முடியாதவர் ஒரு சிறு குடிசைக்குள் புகுந்தனர். குடிசை தாழிடப்பட்டுக் கொளுத்தப்பட்டது. 44 பேர் வெந்து மாண்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.

வழக்கு நடந்தது. 1970இல் நாகப்பட்டினம் நீதிமன்றம் நெல் உற்பத்தியாளர் சங்கத் தலைவர் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டோருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. குற்றம் சாட்டப்பட்டோர் பெருநிலக்கிழார், காருடையவர், அத்தகையோர் தாமே நடந்து சென்று குடிசைக்குத் தீயிட்டனர் என்பது நம்பத்தக்கதாயில்லை என்னும் கருத்துத் தீர்ப்பில் இடம்பெற்றது. கார் வைத்திருப்பது ஒருவனுக்குச் சாட்சியாக நிற்கக்கூடும் என்பதை நம் மக்கள் அன்றுதான் அறிந்தனர். இந்நிகழ்ச்சியை ஒட்டி எழுதப்பட்ட 'குருதிப்புனல்' என்னும் நாவல் 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. கூலிப் பூசலைவிட நிலக்கிழாரின் மனக்கோளாறே அதில் பெரிதாயிற்று என்னும் குறை அப்போதே கூறப்பட்டது. அக்குறையில் நியாயம் உண்டென்பதே என் எண்ணம். மனக்கோளாறு உடையவர் எங்கும் இருப்பர். அரைப்படி நெல்லை மறுக்க ஒரு சங்கமே திரண்டது என்பதைத்தான் வரலாறு பதிக்க வேண்டும்.

தீ அணைந்த பின்னர் அரசாங்கம் கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. 1969இல் தமிழ்நாடு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அரைப்படி நெல்லுக்கு விலையாக 44 உயிர்கள் கொடுத்த பின்னரே ஏட்டில் ஒரு சட்டம் ஏறிற்று.

அப்படியாயின் அதற்கு முன்னர்க் குறைந்தபட்சக் கூலிச் சட்டமே நாட்டில் இல்லையோ எனின், இருந்தது. அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை இராசப் பிரதிநிதியின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்தார். அண்ணலை அரசியல் சட்டத்தின் சிற்பி என்று மட்டுமே நம் மேடைகள் புகழ்கின்றன. தொழிலாளர் துறையில் அவர் உழைத்த நான்கு ஆண்டுகளை ஏனோ விரைந்து கடந்துவிடுகின்றன. ஆலைத் தொழிலாளரின் வேலைநேரம் வாரத்துக்கு 48 மணியாகக் குறைந்தது அக்காலத்து முயற்சியால். குறைந்தபட்சக் கூலி மசோதாவை 1946 ஏப்ரலில் மத்திய சட்டசபையில் கொண்டுவந்தவரும் அவரே. அது 1948இல் சட்டமாயிற்று. உழவுத் தொழிலும் அதன் அட்டவணையில் இடம்பெற்றிருந்தது. ஆனால் மாநிலங்கள் உழவுக் கூலியை வகுக்க வேண்டிய கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டு 1959 வரை சென்றது. சட்டம் இயற்றிய மன்றங்களில் நிலமுடையோர் எத்தனை பேர், நிலமற்றோர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் இத்தாமதத்தின் காரணம் விளங்கும்.

நீதிமன்றங்கள் அனைத்தும் ஒரே வகையில் பேசவில்லை என்பதையும் நேர்மையாகக் கூற வேண்டும். தம்மிடம் உழைப்பவருக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுக்க இயலாத தொழில் நிலைத்திருக்க உரிமையற்றது என்று உச்ச நீதிமன்றம் 1958இலேயே கூறிற்று. 1982இல் தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக நடந்த கட்டட வேலைகளில் தொழிலாளர்க்கு நாளொன்றுக்கு 9 ரூபாய் 25 காசு உரியதாயிருந்தது. ஆட்களைக் கொணர்ந்த ஜமேதார்கள் ஆளுக்கு ஒரு ரூபாயைத் தரகாகப் பிடித்துக்கொண்டு 8 ரூபாய் 25 காசே கொடுத்தனர். நூறாண்டுகளுக்கு முன் இலங்கைத் தோட்டத்தில் தலைக்காசு வாங்கிய கங்காணியே தில்லியில் ஜமேதாராக அவதரித்தான் போலும்! நீதிபதி பகவதி அவ்வழக்கில் வழங்கிய தீர்ப்பு நம் நெஞ்சில் பதிய வேண்டியது. வயிற்றுப் பசியால் நெருக்குண்டு, சட்டம் வகுத்த கூலிக்கும் குறைவாக ஒருவன் உழைக்க இசைந்தால், அவ்வுழைப்பு அரசியல் சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கும் கட்டாய உழைப்பே ஆகும் என்று அது கூறிற்று. 'அவனாக ஒப்புக்கொண்டுதானே வந்தான்' என்று கூலி குறைப்போர் காலங்காலமாய்ச் சொல்லிவந்த ஒரே மறுமொழியும் அன்றோடு சட்டத்தின்முன் செல்லாததாயிற்று. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் அதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னரே, 1976இல், முன்பணக் கடன்களை ஒழித்திருந்தது. கொத்தடிமை பட்ட கடனைத் திருப்பித் தர வேண்டியதே இல்லை என்பது அச்சட்டத்தின் உயிர்நாடி. இதனை அறியாத வீடுகள் நம்மிடையே இன்றும் உள.

நம் வட்டாரத்தில் கேழ்வரகு போய்க் குச்சிக்கிழங்கு வந்தது. இரண்டாம் உலகப் போரின் காரணமாக வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றபோது, 1943ஆம் ஆண்டளவில் சேலத்தில் தொடங்கிய ஜவ்வரிசித் தொழில், வாழப்பாடி, ஆத்தூர்ப் பக்கமெங்கும் சேகோ ஆலைகளாகப் பரவிற்று. தோலுரிப்போர் பெரும்பாலும் பெண்கள். களத்தில் காயவைத்துக் கிளறுவோரும் அவர்களே. இடைத்தரகர் தங்கள் சரக்கை அடிமாட்டு விலைக்குக் கேட்கின்றனர் என்று ஆலை உரிமையாளர் 1981இல் கூட்டுறவுச் சங்கம் கண்டனர், அதுவே சேகோசர்வ். பண்டத்துக்கு நியாய விலை கேட்டுச் சங்கம் அமைப்பது அறிவுடைமையே. அதில் குறை காண்பார் இல்லை. உழைப்புக்கு நியாய விலை கேட்டுத் தோலுரிப்பவள் சங்கம் அமைத்தால் மட்டும் அது கலகம் எனப்படுவது ஏன் என்பதே என் வினா.

ஜவ்வரிசித் தொழிலுக்கும் அரசு குறைந்தபட்சக் கூலி வகுத்துள்ளது. ஆனால் கிழங்கு உரித்தலும் பாக்கு உரித்தலும் எடைக்கு இவ்வளவு என்னும் கணக்கில் நடப்பவை. எடைக்கூலியில் நாட்கூலி எங்கே மறைகிறது என்று கண்டுபிடிக்கப் பெருக்கல் கணக்குத் தெரிய வேண்டும். எட்டு மணி நேரம் உரித்து முடித்த எடையை விகிதத்தால் பெருக்கி, வந்த தொகையை அரசு வகுத்த நாட்கூலியோடு ஒப்பிட்டால் போதும். குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடங்களில் முன்பணம் என்னும் பழைய பூட்டு இன்னும் துருப்பிடிக்கவில்லை. மேற்கு மாவட்டத்து நூற்பாலைகளுக்கு நம் பக்கத்துப் பெண் பிள்ளைகளை மூன்றாண்டு வேலைக்கு அழைத்து, முடிவில் கலியாணத்துக்கு மொத்தத் தொகை தருவதாகக் கூறிய சுமங்கலித் திட்டம் பலரும் அறிந்ததே. அம்மொத்தத் தொகை பெரும்பாலும் அவர்களுக்கு மாதந்தோறும் சேர வேண்டிய கூலியின் ஒரு பகுதியேயன்றி வேறல்ல. இடையில் நோயுற்று வீடு திரும்பியவள் அதையும் இழந்தாள்.

படித்து ஆலை அலுவலகங்களில் அமர்ந்துள்ள நம் இளைஞர்க்கும் இவ்வரலாறு அயலானது அன்று. அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக்கிப் படிகளைப் பெரிதாக்கி வருங்கால வைப்பு நிதியைக் குறைத்த முறை ஒன்றுண்டு. எல்லோருக்கும் ஒரே சீராகக் கொடுக்கும் படியும் வைப்பு நிதிக் கணக்கில் சேர வேண்டியதே என்று 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அளவைக் குறைத்த மரக்காலின் புதிய வடிவம் அந்தச் சம்பளச் சீட்டு.

1948ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது நடைமுறையில் இல்லை. அதனையும் வேறு மூன்று சட்டங்களையும் தன்னுள் அடக்கிய 2019ஆம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. ஆய்வாளர் என்பவரை 'ஆய்வாளரும் வழிகாட்டுநரும்' ஆக்கியது குறித்துத் தொழிற்சங்கங்கள் ஐயுறுகின்றன; அவர் யாருக்கு வழிகாட்டுவார் என்பது போகப் போகத் தெரியும். எனினும் அதில் நாம் பயன்கொள்ளத்தக்க பகுதிகள் உள்ளன. முன்னர்க் குறைகூலிக்கான மனுவை ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். இப்போது மூன்றாண்டுக்குள் கொடுக்கலாம். வேலையினின்று நீக்கப்பட்டவருக்கும் தாமாக விலகியவருக்கும் இரண்டு வேலை நாட்களுக்குள் கணக்கு முடித்துக் கூலி தர வேண்டும். கூலிச் சீட்டு வழங்க வேண்டும். தீர்ப்பாளர், நிலுவையோடு அதன் பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கலாம். அனைத்தினும் மேலாக, கூலி கொடுக்கப்படவில்லை என்று ஒருவர் மனுச் செய்தால், கொடுத்தேன் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியைச் சார்ந்தது.

ஆயினும் எந்த நாட்களில், என்ன வேலைக்கு, எவ்வளவு பெற்றோம், எவ்வளவு குறைந்தது என்பதை மனுவில் எழுதியாக வேண்டும். நம் சங்கத்து மாலை வகுப்புகளில் எட்டாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இம்மனு எழுதுவதைக் கட்டுரைப் பயிற்சியாகவும், எடைக்கூலியை நாட்கூலியாக மாற்றுவதைக் கணக்குப் பயிற்சியாகவும் வைக்கலாம் என்று ஆசிரியப் பெருமக்களிடம் வேண்டிக்கொள்கிறேன். ஒவ்வொரு பிள்ளையும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் தன் தாய் தந்தையரின் வேலை நாள், நேரம், எடை, பெற்ற தொகை, முன்பணத்துக்குப் பிடித்தது ஆகிய ஐந்தையும் நாள்தோறும் இரவில் எழுதி வரட்டும். அரசு ஆண்டுதோறும் ஏப்ரலில் அகவிலைப்படியைத் திருத்துவதால், அந்த மாதத்தில் நோட்டைப் புதிய கூலி விகிதத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.